கோப்பன்ஹேகனில் டிவோலிப் பூங்கா



மாரியம்மன் திருவிழா என்றால் நமது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேருக்கு முன்பாகவே நினைவுக்கு வருவது ராட்டினம். லாரியில் வந்து இறங்கும். திடலில் இரண்டு நாள் சுற்றும். மூன்றாம் நாள் கழற்றிக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். அந்த ராட்டினம் கழற்றப்படாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? ஒரு தலைநகரின் நட்ட நடுவில் 180 ஆண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கும் அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நாடு டென்மார்க். நகரம் கோப்பன்ஹேகன். பூங்காவின் பெயர் டிவோலி.

டென்மார்க் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு அன்று. தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. 1706-ஆம் ஆண்டில் டேனிய அரசர் அனுப்பி வைத்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கேதான் தமிழ் படித்தார். அங்கேதான் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அது அந்தப் பக்கத்துக் கதை. நமது பக்கத்திலும் ஒன்று உண்டு. பேராக் மாநிலத்தில், முன்பு தெலுக் அன்சன் என்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தான் வட்டாரத்தில், 1906-ஆம் ஆண்டில் ஏகெ வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனியப் பொறியாளர் ஒரு ரப்பர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெண்டராட்டா என்ற பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கத்து நேயர்களுக்கு விளங்கிவிடும். துரைமார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று நம் தாத்தா பாட்டிமார் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. வெள்ளைக்காரர் எல்லாரும் வெள்ளைக்காரரே என்று விட்டுவிட்டார்கள். அதனால் அவர்களுடைய ஊரை நாம் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

விமானம் இறங்குவது காஸ்ட்ரூப் என்ற இடத்தில். கடலை ஒட்டிய நிலையம். கடப்பிதழ்ச் சோதனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் அதே கட்டடத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. கால் மணி நேரத்தில் நகரின் நடு ரயில் நிலையத்துக்கு வந்துவிடலாம். டிக்கெட்டை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். நமது ஊரில் இருப்பது போல அட்டையைத் தொட்டால் திறக்கும் கதவு அங்கே கிடையாது. தடுப்பார் இல்லை என்று எண்ணி ஏறிவிடக் கூடாது. பரிசோதகர் வந்தால் அபராதம் பெருந்தொகை. ஐரோப்பா முழுவதும் யூரோ நாணயம் செல்லும் என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கே திகைப்பார்கள். டென்மார்க்கில் பணம் குரோனர்தான்.

நமது உடம்புக்கு அங்கே முதல் நாள் பெரிய குழப்பம். கோடைக் காலத்தில் அந்த ஊர் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு எழுந்து பழகியவருக்கு அங்கே நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குச் சரியாக விழிப்பு வந்துவிடும். இது போதாதென்று சூரியனும் ஒத்துழைப்பதில்லை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். விடியற்காலை நாலரைக்கெல்லாம் மறுபடி வெயில். டிசம்பரிலோ மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். காரணம் இதுதான். பூமி நிமிர்ந்து சுற்றவில்லை; இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்தபடி சுற்றுகிறது. கோலாலம்பூர் பூமியின் இடுப்பில், நடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை தொலைவில் இருப்பதால் சாய்வினால் நமக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஆண்டு முழுவதும் நமது பகலும் இரவும் ஏறக்குறைய சமம். கோப்பன்ஹேகன் ஐம்பத்தைந்து பாகைக்கும் மேலே, பூமியின் தோளில் இருக்கிறது. தோள் சூரியனை நோக்கிச் சாயும்போது நீண்ட பகல். விலகும்போது நீண்ட இரவு. வீட்டில் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் மெழுகுவத்தியையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிடலாம்.

ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருகிறோம். தெருவில் கால் வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. நடைபாதைக்கும் கார் போகும் சாலைக்கும் இடையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கும். அதில் நின்று படம் பிடித்தால் மணியடித்துக்கொண்டு பத்துச் சைக்கிள்கள் வந்து மோதும்படி நிற்கும். அலுவலகம் போகிறவர், பிள்ளையை முன்பெட்டியில் வைத்திருக்கும் தாய், கிழவர் என எல்லாரும் சைக்கிளில்தான். சைக்கிளை ஏழையின் வாகனம் என்று சொல்லி மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்ட நமக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய காட்சி.

தெருவைக் கடந்தால் பூங்காவின் மதில். வேறு ஊர்களில் இத்தகைய பூங்காவுக்கு நகரத்தை விட்டு நெடுந்தூரம் போக வேண்டும். நம்மவர் கெந்திங் போக மலையே ஏறுகிறார்கள். இங்கேயோ ரயிலிலிருந்து இறங்கியவர் காதில் உள்ளே ஆடுகிறவர்களின் அலறல் விழுகிறது. ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் நகர மண்டபம். நடுவில் சுமார் 20 ஏக்கர் நிலம். தோட்டக் கணக்கில் சொன்னால் ஒரு டிவிஷனில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அந்த நகரத்தில் அந்த 20 ஏக்கரில் எத்தனை மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கலாம்! எழுப்பாமல் விட்டார்களே, அதுதான் செய்தி.

எப்படி விட்டார்கள்? 1843-ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் கோட்டை மதிலும் அகழியும் சூழ்ந்த நகரம். மதிலுக்கு வெளியே உள்ள நிலத்தில் நிலையான கட்டடம் கட்ட இராணுவம் விடாது; பகைவன் வந்தால் பீரங்கி சுட வெட்டவெளி வேண்டுமல்லவா? அந்த நிலத்தைத்தான் கியோர்க் கார்ஸ்டென்சன் என்பவர் கேட்டார். இவர் டேனியத் தூதர் ஒருவரின் மகன். அல்ஜியர்ஸ் நகரில் பிறந்தவர். பல ஊர் சுற்றியவர். பாரிஸ், லண்டன் நகரங்களில் பணம் கொடுத்து உள்ளே போகும் இசைத் தோட்டங்கள் இருந்தன. அவை போல ஒன்றைத் தம் ஊரில் வைக்க விரும்பினார். பாரிஸில் இருந்த தோட்டத்தின் பெயர் டிவோலி. அந்தப் பெயரும் உரோமாபுரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தது.

அப்போது டென்மார்க்கில் எட்டாம் கிறிஸ்தியன் ஆண்டுகொண்டிருந்தார். தரங்கம்பாடிக்கும் அவர்தான் அரசர். டிவோலி திறந்து இரண்டாண்டு கழித்து அதை ஆங்கிலேயருக்கு விற்றவரும் அவரே. நாடாளுமன்றம் இல்லை; அரசர் சொன்னதே சட்டம். அவரிடம் கார்ஸ்டென்சன் வைத்த வாதம் இன்றும் அந்த ஊரில் பேசப்படுகிறது. மக்கள் வேடிக்கையில் மூழ்கியிருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்க மாட்டார்கள் என்பதே அதன் சாரம். அரசர் ஐந்து ஆண்டுக்கு அனுமதி கொடுத்தார். 1843-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பூங்கா திறந்தது.

இந்த வாதம் நமக்குப் பழக்கமானது. தோட்டத்தில் மருத்துவமனைக்கு இடமில்லாத காலத்தில்கூடக் கள்ளுக்கடைக்கு இடம் இருந்தது. மாலையில் மயங்கிக் கிடப்பவன் மறுநாள் சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்கமாட்டான் என்பது அன்றைய நிர்வாகங்களின் கணக்கு. அந்தக் கணக்கை உணர்ந்துதான் போர் முடிந்த பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். டென்மார்க்கிலும் கணக்குப் பலிக்கவில்லை. ராட்டினம் சுற்றிய ஐந்தாவது ஆண்டிலேயே, 1848 மார்ச்சில், கோப்பன்ஹேகன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அரண்மனைக்கு நடந்தார்கள். 1849-ல் அரசியல் சட்டம் வந்தது. மனிதனுக்கு விளையாடவும் தெரியும், கேட்கவும் தெரியும். ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

உள்ளே நுழைவோம். நுழைவுக் கட்டணம் ஒன்று. ஆட்டங்களுக்குத் தனிக் கட்டணம். கட்டணம் குறைவு என்று சொல்வதற்கில்லை. பணம் கையைக் கடிக்கிறது என்பவர்களுக்கு அந்த ஊரிலேயே மாற்று உண்டு. நகருக்கு வடக்கே, காட்டு ஓரத்தில், பாக்கன் என்ற இன்னொரு பூங்கா இருக்கிறது. 1583-ஆம் ஆண்டில் அந்தக் காட்டில் ஒரு நீரூற்று கண்டுபிடிக்கப்பட்டதாம். நோய் தீரும் என்று மக்கள் தண்ணீர் எடுக்கக் கூடினார்கள். கூட்டம் கூடிய இடத்தில் பண்டம் விற்பவனும் வித்தை காட்டுபவனும் வந்து சேர்ந்தார்கள். நமது கோயில் திருவிழாக் கடைகள் பிறந்ததும் இப்படித்தானே! உலகில் இன்று இயங்கும் கேளிக்கைப் பூங்காக்களில் மிகப் பழையது பாக்கன் என்பார்கள். அங்கே உள்ளே போகக் காசு இல்லை. ஏறுகிற ஆட்டத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

டிவோலியில் முதலில் கண்ணில் படுவது ஆட்டங்கள் அல்ல, மரங்களும் பூப்பாத்திகளும்தான். நடுவில் ஓர் ஏரி. பழைய அகழியின் மிச்சந்தான் அந்த ஏரி. போருக்காக வெட்டிய பள்ளத்தில் இப்போது வாத்து நீந்துகிறது. இந்தப் பூங்காவின் சீனக் கோலத்தையும் விளக்கு வரிசையையும் முதல் ஆண்டிலேயே வந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன். செருப்புத் தைப்பவரின் மகன். தாயார் துணி வெளுத்துப் பிழைத்தவர். அந்த அக்டோபரிலேயே சீனச் சக்கரவர்த்தியின் பாடும் பறவைக் கதையை அவர் எழுதத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அசிங்கமான வாத்துக்குஞ்சுக் கதையும் இவருடையதே.

ஏரியைத் தாண்டினால் 1874-ல் கட்டிய ஒரு நாடக மேடை. திரைக்குப் பதிலாகப் பெரியதொரு மயில் தோகை விரித்து நிற்கும். நேரம் வந்ததும் தோகை மெல்ல மடங்கி விலகும், நாடகம் தொடங்கும். பேச்சே இல்லாத ஊமை நாடகம். கூத்து பார்ப்பது போல மக்கள் முன்னால் நின்றபடி பார்க்கிறார்கள். டேனிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதவருக்கும் முழுக் கதையும் விளங்கும். நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டால் இதற்குத் தனிக் காசு இல்லை. நம்மைக் கேட்டால் பூங்காவில் மிகச் சிறந்த பொருள் இதுதான். பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிள்ளைகள் ஓடுவது ரோலர் கோஸ்டருக்கு. 1914-ஆம் ஆண்டில் மரத்தால் கட்டிய பழைய வண்டிப்பாதை இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மலை போல வேடமிட்ட மரச்சட்டத்தின் மீது வண்டி ஏறி இறங்குகிறது. இந்த வண்டிக்கு உள்ளே எஞ்சின் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே உள்ள ஒரு விசைப்பொறி அதை உச்சிக்கு இழுத்து விடுகிறது. அதோடு சரி. அதன் பிறகு நடப்பதெல்லாம் பூமியின் இழுப்பு. குன்றின் மேலிருக்கும் லயத்திலிருந்து கடைக்குச் சைக்கிளில் வருகிறவன் மிதிக்காமலே வேகம் பிடிக்கிறானே, அதே கதைதான். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், அடிவாரத்தில் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகம் அடுத்த மேட்டில் ஏறச் செலவாகிவிடும். சக்கரமும் காற்றும் கொஞ்சம் தின்றுவிடுவதால், இழுவை இல்லாமல் ஏறும் மேடு எதுவும் முன்னால் இறங்கிய உயரத்தை எட்ட முடியாது. அடுத்த முறை எந்த ரோலர் கோஸ்டரைப் பார்த்தாலும் இதைக் கவனித்துப் பாருங்கள்.

வயிற்றைப் பிசைகிறதே, அது ஏன்? நமது எடை என்று நாம் உணர்வது உண்மையில் இருக்கை நம்மை மேலே தாங்கும் அழுத்தத்தை. வண்டி சட்டென்று கீழே இறங்கும்போது இருக்கையும் நம்மோடு சேர்ந்து இறங்குகிறது. தாங்கும் அழுத்தம் குறைகிறது. உடம்புக்குள் குடலும் இரைப்பையும் ஒரு கணம் எடை இழந்தது போல் ஆகின்றன. தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரியின் பின்னால் நின்று வரும்போது மேட்டில் தூக்கிப் போடும் அந்த ஒரு கணந்தான் இது. அங்கே அதற்குக் காசு கொடுக்கிறார்கள்.

இந்த மர வண்டியில் இன்னொரு விசேஷம் உண்டு. வண்டிக்கு நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு நெம்புகோல். அவர்தான் பிரேக் பிடிப்பவர். புதிய ரோலர் கோஸ்டர்களில் தண்டவாளத்துக்கு மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று இடத்திலும் சக்கரம் கவ்விக்கொண்டிருக்கும்; வண்டி துள்ள முடியாது. அந்தக் காலத்து வண்டிகளில் அடிச்சக்கரம் இல்லை. வேகம் மீறினால் வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். ஆகவே ஓர் ஆள் கூடவே போய் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். அந்த முறை இங்கே இன்றும் நடக்கிறது. மழை பெய்து தடம் நனைந்திருக்கிறதா, ஏறியவர்கள் பெரியவர்களா சிறுவர்களா, வண்டி பாரமா இலேசா என்று பார்த்து அவர் பிடிக்க வேண்டும். அதிகம் பிடித்தால் வண்டி அடுத்த மேட்டில் ஏறாது. குறைவாகப் பிடித்தால் ஆபத்து. பால்மரத்தில் கத்தி வைக்கிறவருக்கு இது புரியும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம். அளவுகோல் எதுவும் இல்லாமல் கை அறியும் அந்த அளவுதான் தொழில். ஆட்டத்தில் ஏறியவர்கள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். அவர் மட்டும் தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கும்போது எத்தனை பேர் அவருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க நமக்கு ஆசை.

மற்ற ஆட்டங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பூங்காவின் நூறாவது ஆண்டான 1943-ல் வந்த ஒரு ராட்டினம். கூண்டுகள் பலூன் வடிவில் இருக்கும். 2004-ல் வந்த தலைகீழாகப் புரட்டும் இரும்பு ரோலர் கோஸ்டர். 2006-ல் வந்த 80 மீட்டர் உயர ஊஞ்சல் ராட்டினம். மூன்று நான்கு தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். இந்த ஊஞ்சலில் ஒரு வேடிக்கை. சுற்றும்போது சங்கிலிகள் வெளிப்பக்கம் சாயும் அல்லவா? பருத்த ஆள் உட்கார்ந்த ஊஞ்சலும் ஒல்லிப் பிள்ளை உட்கார்ந்த ஊஞ்சலும் ஒரே அளவுதான் சாயும். சாய்வைத் தீர்மானிப்பது வேகமும் சங்கிலியும் சுற்றின் அகலமுந்தான், எடை அன்று. நமது திருவிழா ஊஞ்சல் ராட்டினத்திலும் இதைப் பார்க்கலாம். இதுவரை நாம் கவனித்திருக்க மாட்டோம்.

சிவப்புச் சட்டையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த பிள்ளைகளின் வாத்திய அணி ஒன்று பூங்காவுக்குள் வலம் வரும். 1844-லிருந்து நடக்கிறது. முன்பு சிறுவர்கள் மட்டும். இப்போது சிறுமியரும் இருக்கிறார்கள். அரசர் காவற்படையின் சிறு உருவம் போன்ற வேடம். ஊதுவது, தட்டுவது எல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டுதான்.

இரவு வந்ததும் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் விளக்கு எரிக்கக் கட்டுப்பாடு வந்தது. வானிலிருந்து வெளிச்சம் தெரியக் கூடாது. அப்போது பூங்காவின் கட்டடக் கலைஞராக இருந்த பவுல் ஹென்னிங்சன், ஒளி மேலே போகாமல் கீழே மட்டும் விழும்படி சுருள் மறைப்பு வைத்த ஒரு விளக்கை அமைத்தார். இருட்டடிப்புக் காலத்திலும் மக்கள் வந்துபோனார்கள். 1944 ஜூன் மாதத்தில் நாஜிகளுக்குத் துணைபோன டேனியர் சிலர் பூங்காவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நகர மக்களின் எதிர்ப்புக்குப் பழிவாங்கும் செயல் அது. இசை மண்டபம் உட்படப் பல கட்டடங்கள் அழிந்தன. சில வாரங்களில் கிடைத்ததை வைத்து மறுபடி திறந்துவிட்டார்கள். போருக்குப் பின் 1951-ல் வால்ட் டிஸ்னி வந்து சுற்றிப் பார்த்தார். நான்கு ஆண்டு கழித்துக் கலிபோர்னியாவில் அவருடைய பூங்கா திறந்தது.

இவ்வளவு அழகான இடத்தில் நின்றுகொண்டு இனிச் சொல்லப்போவதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு ரோலர் கோஸ்டரை மட்டும் விளக்கினால் ஆசிரியர்களாகிய நாங்கள் பாதிப் பாடம் நடத்தியவர்கள் ஆவோம்.

தரங்கம்பாடியை வைத்திருந்த டென்மார்க், கரிபியன் கடலில் மூன்று தீவுகளையும் வைத்திருந்தது. அவற்றில் பெரியது செயின்ட் குரோய். தீவு முழுவதும் கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவந்த மக்கள் அங்கே அடிமைகளாக வேலை செய்தார்கள். 1848 ஜூலையில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தார்கள். ஆளுநர் விடுதலை அறிவித்தார். விடுதலை வந்தது, உடனே ஒப்பந்தச் சட்டமும் வந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆண்டுக்கு ஒரு நாள்தான், அக்டோபர் முதல் தேதியை ஒட்டி. 1863-ல் கல்கத்தாவிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றி அந்தத் தீவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். 1878-ஆம் ஆண்டு அக்டோபரில் தொழிலாளர் பொறுமை இழந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். முன்னின்றவர்கள் பெண்கள், மக்கள் அவர்களை இராணி என்றே அழைத்தார்கள். அவர்களில் மேரி தாமஸ் முதலியோரைப் பிடித்துக் கோப்பன்ஹேகன் சிறைக்கே கொண்டுவந்தார்கள். அந்த மேரியின் நினைவாகத்தான் 2018-ல் அந்நகரத் துறைமுகத்தில் இரு பெண் கலைஞர்கள் ஒரு பெரிய சிலையை நிறுத்தினார்கள். ஒரு கையில் தீவட்டி. மறு கையில் கரும்பு வெட்டும் கத்தி. பின்னர் அது புயலில் சேதமடைந்தது.

1905-ஆம் ஆண்டில் டிவோலிப் பூங்காவுக்குள் ஒரு குடியேற்ற நாட்டுக் கண்காட்சி நடந்தது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பரோ தீவுகள், கரிபியன் தீவுகள் ஆகியவற்றின் பொருள்களை வைத்தார்கள். பொருள்களோடு மனிதர்களையும் வைக்க விரும்பினார்கள். செயின்ட் குரோய் தீவிலிருந்து இரண்டு பிள்ளைகள் கப்பலில் வந்தார்கள். விக்டர் கார்னலின்ஸ், வயது ஏழு. ஆல்பெர்ட்டா ராபர்ட்ஸ், வயது நான்கு. கரும்புத் தீவின் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகள்.

விக்டர் சுறுசுறுப்பான பையன். ஓரிடத்தில் நிற்கவில்லை. மற்ற கூடாரங்களில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓடிக்கொண்டே இருந்தான். ஏழு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? கண்காட்சிக்காரர்கள் அவனையும் ஆல்பெர்ட்டாவையும் ஒரு கூண்டுக்குள் விட்டார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். விளக்கும் இசையும் மயில் தோகையும் இருந்த அதே பூங்காவில்தான்.

கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே கோப்பன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்த ஐஸ்லாந்து மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் அவர்களுடைய எதிர்ப்பு, தங்கள் நாட்டைக் கறுப்பர், எஸ்கிமோக்களோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டார்களே என்பதற்காக. அந்தப் பிள்ளைகளுக்காகப் பேசியவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவமானப்படுகிறவன் தன்னைவிடக் கீழே ஒருவனைத் தேடுவது எல்லா ஊரிலும் உண்டு. நமது லயங்களிலும் ஒரு காலத்தில் கிணறு இரண்டாக இருந்தது.

கண்காட்சி முடிந்தது. பிள்ளைகளைத் தாய்மாரிடம் திருப்பி அனுப்பவில்லை. டென்மார்க்கிலேயே வளர்த்தார்கள். குளிர் ஊரில் ஆல்பெர்ட்டாவுக்குக் காசநோய் வந்தது. பதினாறு வயதில், 1917-ல் இறந்தாள். அதே ஆண்டில் டென்மார்க் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டது.

விக்டர் படித்தார். ஆசிரியர் பயிற்சி பெற்று ஆசிரியரானார். நக்ஸ்கோவ் என்ற சிறு நகரத்துப் பள்ளியில் பாடம் நடத்தினார். துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு வரை உயர்ந்தார். நன்றாகப் பாடுவார், இசை கற்றுக்கொடுப்பார். நக்ஸ்கோவ் வட்டாரமும் ஒரு சர்க்கரை வட்டாரந்தான். அங்கே கரும்புக்குப் பதில் பீட் கிழங்கு. கரும்புத் தீவில் பிறந்தவர், சர்க்கரை ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். நாடெங்கும் போய்த் தம் தீவைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டார்கள்.

1976-ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். 1985-ல் காலமானார். கூண்டு இருந்தது, தாம் அதற்குள் நின்றது ஆகியவற்றை இன்று நாம் அறிந்திருப்பதற்கு அவர் சொல்லி வைத்ததும் ஒரு காரணம். செயின்ட் குரோயிலிருந்து நக்ஸ்கோவ் வரை என்பது நூலின் தலைப்பு. பிறந்த ஊர் இருக்கிறது. ஆசிரியராக இருந்த ஊர் இருக்கிறது. டிவோலியின் பெயர் தலைப்பில் இல்லை.